மேஜரின் இசைக்குழு



பாஸ்டன் நகரில் ஹண்டிங்டன் அவென்யூவும் மாசசூசெட்ஸ் அவென்யூவும் சந்திக்கிற முனையில் சிம்பொனி ஹால் நிற்கிறது. 1900 அக்டோபர் 15-இல் திறந்த கட்டடம். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்த வாலஸ் சபைன், ஒலி ஒரு கூடத்துக்குள் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கணக்கை வைத்துத்தான் சுவர் எழுப்பினார்கள். மேடையின் முகப்பு வளைவில் இசையமைப்பாளர்களின் பெயரைப் பொறிக்க இடம் விட்டிருக்கிறார்கள். பொறித்திருப்பது ஒரே பெயர்: பீத்தோவன். மற்ற இடங்கள் இன்றைக்கும் வெறுமைதான். வேறு யாரைச் சேர்ப்பது என்பதில் பொறுப்பாளர்களுக்குள் உடன்பாடு வரவில்லை என்பார்கள். பீத்தோவன் விஷயத்தில் மட்டும் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை.

அந்த மண்டபத்து இசைக்குழுவை நடத்தியவரை 1918 மார்ச்சில், ஜெர்மனியில் பிறந்தவர் என்று காரணம் காட்டிச் சிறைப்பிடித்தார்கள். ஏறக்குறைய பதினேழு மாதம் அடைத்து வைத்துவிட்டுக் கப்பலேற்றி அனுப்பினார்கள். அவர் பெயர் கார்ல் முக். அவர் செய்த குற்றமாக ஊர் சொன்னது, ஒரு கச்சேரியில் ஒரு பாட்டை வாசிக்கவில்லை என்பது.

இதைப் போர்க்காலத்து வெறி என்று இரண்டு வரியில் சொல்லி முடிப்பவர்கள் உண்டு. வெறி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வெறி என்று சொல்லிவிட்டால் அதற்குள் நடந்த இன்னொரு வழக்கு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ஒரு நகரத்தின் இசைக்குழு யாருடையது என்ற வழக்கு அது. பணம் போட்டவருடையதா, வாசிக்கிறவர்களுடையதா, டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களுடையதா? முக் சிறைக்குப் போனது இந்த வழக்கின் நடுவில் என்பது என் கட்சி. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

முதலில் பணம் போட்டவரைப் பார்ப்போம். ஹென்றி லீ ஹிக்கின்சன், 1834-இல் பிறந்தவர். இளமையில் வியன்னாவுக்குப் போய் இசை படித்தார். இசைக்கலைஞன் ஆகும் அளவுக்குத் தனக்குக் கை வராது என்று அவருக்கே தெரிந்தது. ஊர் திரும்பினார். உள்நாட்டுப் போரில் வடக்கின் குதிரைப்படையில் சேர்ந்து 1863-இல் வர்ஜீனியாவில் ஆல்டி என்ற இடத்தில் வெட்டுப்பட்டார். முகத்தில் வடு கடைசிவரை இருந்தது. ‘மேஜர்’ என்ற பட்டமும் அப்படியே தங்கிவிட்டது. பிறகு குடும்பத்தின் லீ ஹிக்கின்சன் வங்கி நிறுவனத்தில் சேர்ந்து சம்பாதித்தார். போரில் மாண்ட தன் ஆறு நண்பர்களின் நினைவாக ஹார்வர்டுக்கு ஒரு பெரிய விளையாட்டு மைதானத்தையே எழுதிக் கொடுத்தவர். இவருடைய தேசபக்தியைச் சந்தேகிக்க அமெரிக்காவில் ஆள் கிடையாது. இந்தக் குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

1881-இல் அவர் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கினார். முதல் கச்சேரி அக்டோபர் 22. நன்கொடை திரட்டவில்லை, குழு அமைக்கவில்லை, நகராட்சியிடம் கேட்கவில்லை. பற்றாக்குறை எவ்வளவு வந்தாலும் தன் பையிலிருந்தே போடுவது என்று முடிவு செய்தார். முப்பத்தேழு ஆண்டு போட்டார். ஏழை மாணவனும் கேட்க வேண்டும் என்று ஒத்திகைக்கு 25 சென்ட் டிக்கெட் வைத்தார். இப்படி ஒரு தனிமனிதப் புரவலர் இசைக்குழுக்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. நான் அவரைக் குறை சொல்லப் போகிறேன் என்பதால், இதை முதலிலேயே வாயாரச் சொல்லிவிடுகிறேன்.

குறை எங்கே தொடங்குகிறது என்றால், அடுத்த வருடமே. 1882-இல் வாத்தியக்காரர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. வாரத்தில் புதன் முதல் சனி வரை நான்கு நாட்கள் எனக்கே சொந்தம், அந்த நாட்களில் வேறு நடத்துநரின் கீழ் வாசிக்கக் கூடாது, நடனக் கூடங்களில் வாசிக்கக் கூடாது என்று நிபந்தனை. வாத்தியக்காரர்களின் வயிற்றுப்பாடே நடனக் கூடத்தில்தான் இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகைகள் இது இசையில் ஏகபோகம் என்று எழுதின. முனகியவர்களுக்கு மாற்று வெளிநாட்டிலிருந்து வந்தது. 1885-இல் நடத்துநர் வில்ஹெல்ம் கெரிக்கே வியன்னா சென்று ஏறக்குறைய இருபது பேரை அழைத்து வந்தார். முதல் வயலின்காரராக வந்த ஃபிரான்ஸ் க்னைசல் அவர்களில் ஒருவர். அதன் பிறகு குழுவின் தரம் ஏறியது, ஒழுங்கு ஏறியது, ஒத்திகையின் மொழி ஜெர்மன் ஆனது. வாத்தியக்காரர் சங்கம் அமெரிக்காவின் மற்றப் பெரிய இசைக்குழுக்களுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்தபோதும் பாஸ்டன் வாசலில் நின்றுவிட்டது. மேஜர் உள்ளே விடவில்லை.

ஆக, இந்த இசைக்குழு ஜெர்மன் தன்மையோடு இருந்ததற்கு பாக் மீதும் பிராம்ஸ் மீதும் இருந்த பக்தி ஒரு காரணம். முதலாளிக்குக் கட்டுப்பட்ட, உள்ளூர்ச் சங்கத்தோடு ஒட்டாத தொழிலாளிகள் தேவைப்பட்டது இன்னொரு காரணம். முதல் காரணத்தை எல்லா நூல்களும் சொல்லும். இரண்டாவதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

நகரம் அப்போது இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பக்கம் பழைய ஆங்கிலேய வழிக் குடும்பங்கள். ‘பாஸ்டன் பிராமின்கள்’ என்று பெயர்; நம் ஊர்ச் சாதியைப் பார்த்து வைத்ததுதான். வங்கி, பல்கலைக்கழகம், காட்சியகம், சிம்பொனி எல்லாம் அவர்கள் கையில். இன்னொரு பக்கம் ஐரிஷ் கத்தோலிக்கர்கள். ஓட்டும் மேயர் நாற்காலியும் அவர்கள் கையில். ஜேம்ஸ் மைக்கேல் கர்லி என்ற ஐரிஷ் தலைவர் 1914-இல் மேயரானார். ஆட்சி ஓரிடத்தில், கலாசாரம் ஓரிடத்தில். இரண்டும் எப்போதாவதுதான் நேருக்கு நேர் மோதும்.

1915-இல் ஒரு மோதல் வந்தது, ஆனால் வேறு ஆட்களுக்கிடையே. கு க்ளக்ஸ் கிளானை வீரர்களாகக் காட்டிய ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்ற கிரிஃபித்தின் படம் டிரெமான்ட் தியேட்டருக்கு வந்தது. வில்லியம் மன்ரோ டிராட்டர் என்ற கறுப்பினப் பத்திரிகை ஆசிரியர் எதிர்ப்பைத் திரட்டினார். ஏப்ரல் 17-இல் தியேட்டர் வாசலில் அவரைக் கைது செய்தார்கள். கர்லி சில காட்சிகளை வெட்டச் சொன்னாரே தவிரப் படத்தை நிறுத்தவில்லை. அது ஊமைப்படக் காலம், தியேட்டரில் இசைக்குழு உட்கார்ந்து வாசிக்கும். முகமூடிக் கும்பல் குதிரையில் பாய்ந்து வரும் கட்டத்துக்குப் படத்தின் இசைக்கோப்பு எடுத்துக்கொண்டது வாக்னரின் ‘வால்கிரிகளின் சவாரி’யை. கேட்ட வெள்ளையர்கள் கைதட்டினார்கள். அப்போது வாக்னர் ஜெர்மானியர் என்பது யாருக்கும் உறுத்தவில்லை. இரண்டே ஆண்டு கழித்து உறுத்தியது.

இதே கர்லி, மறுபடி மேயராகி, 1922-இல் சிம்பொனி ஹாலில் ஆடிய இசடோரா டங்கனுக்கு இனி பாஸ்டனில் மேடை கிடையாது என்று தடை போட்டார். சிவப்புத் துணியை வீசிப் புரட்சியைப் பற்றிப் பேசினார், உடை விலகியது என்பது புகார். கிளானைக் கொண்டாடிய படத்துக்குக் கத்தரி போதும் என்றவருக்கு நாட்டியக்காரிக்கு முழுத் தடை வேண்டியிருந்தது.

சரி, முக்குக்கு வருவோம். 1859-இல் டார்ம்ஷ்டாட்டில் பிறந்தார். லைப்சிக்கில் கிரேக்க, லத்தீன் இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். பெர்லின் அரச இசைநாடக அரங்கின் நடத்துநர். 1901 முதல் பைராய்ட் விழாவில் வாக்னரின் ‘பார்சிஃபால்’ அவருடையது. 1906-இல் முதல் தடவை பாஸ்டனுக்கு வந்தபோது கெய்சரின் அனுமதி பெற்றுத்தான் வந்தார். அரச அரங்கின் ஊழியர் வேறு எப்படி வருவார்? 1912-இல் மறுபடி வந்து நிலையாகத் தங்கினார். மெலிந்த உருவம், கூர்மையான முகம், மேடையில் அதிகம் கை வீசாதவர். அவர் காலத்தில் இந்த இசைக்குழு உலகின் முதல் வரிசைக்குப் போனது என்று அன்றைய விமர்சகர்கள் பலரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அவரிடம் இருந்தது சுவிஸ் குடியுரிமை. அவர் சிறுவனாக இருந்தபோதே தந்தை சுவிட்சர்லாந்துக் குடிமகனாகிவிட்டார். மனம் மட்டும் ஜெர்மனியோடு இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

1917 ஏப்ரல் 6-இல் அமெரிக்கா ஜெர்மனிமீது போர் அறிவித்தது. ஹிக்கின்சன் முக்கை விடவில்லை. அக்டோபர் முதல் வாரம் குழுவோடு நியூஜெர்சியின் கேம்டனுக்குப் போய் விக்டர் நிறுவனத்துக்கு இசைத்தட்டுப் பதிந்தார் முக். மைக் வராத காலம். பதிவுக் குழாய்க்கு முன்னால் இத்தனை பேரையும் நெருக்கி உட்கார வைத்துப் பதிந்தார்கள். சாய்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனியின் கடைசிப் பகுதி, வாக்னரின் ‘லோஹன்கிரின்’ மூன்றாம் அங்கத்து முன்னிசை எல்லாம் அப்போது பதிந்தவை. அந்தக் குழுவின் முதல் ஒலிப்பதிவு அதுதான். ஒரே மாதத்தில் அதை நடத்தியவர் பெயர் நாடெங்கும் வசைச்சொல் ஆனது.

அக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் கச்சேரி. அன்று காலையில் உள்ளூர் மாதர் சங்கங்களும் போர்க்கடன் பத்திரக் குழுவும் தந்தி கொடுத்தன: கச்சேரியில் ‘நட்சத்திரக் கொடி’ப் பாட்டை வாசிக்க வேண்டும். தந்தி போய்ச் சேர்ந்தது மேலாளர் சார்லஸ் எல்லிஸிடமும் ஹிக்கின்சனிடமும். இருவரும் பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். முக்கிடம் கேட்கவே இல்லை. அப்படி ஒரு கோரிக்கை வந்ததே அவருக்குக் கச்சேரி முடிந்த பிறகுதான் தெரியும்.

மறுநாள் பிராவிடன்ஸ் ஜர்னல் பத்திரிகை பிடித்துக்கொண்டது. அதன் ஆசிரியர் ஜான் ராத்தம், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், ஜெர்மன் உளவாளிகளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதாக நாடு முழுக்கப் பெயர் வாங்கியவர். அந்தச் சாகசக் கதைகளில் பெரும்பகுதி புனைவு என்று 1918-இல் அமெரிக்க நீதித்துறையிடம் அவரே எழுதிக் கொடுத்தார். 1920-இல் அது வெளியே வந்தது. ஆனால் 1917-இல் அவர் எழுதியதுதான் வேதவாக்கு. முக் மறுத்தார், ஜெர்மானியர் நம் கொடியை அவமதித்தார் என்று செய்தி ஓடியது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே எய்தவர் போர்வீரர், வடு பட்டவர், கோடீஸ்வரர். அவரை நோக முடியாது. அம்பு ஜெர்மனியில் செய்தது. முடிந்தது கதை.

முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் முக்கை நாட்டில் வைத்திருக்கக் கூடாது என்றார். மேரிலாந்தின் முன்னாள் கவர்னர் எட்வின் வார்ஃபீல்ட், பால்டிமோரில் கால் வைத்தால் கும்பல் சேர்த்துத் தடுப்போம் என்றார். கச்சேரி ரத்தானது. பால்டிமோர் இந்த எதிர்ப்பில் முன்னால் நின்றதற்குக் காரணம் உண்டு. அந்தப் பாட்டு 1814-இல் எழுதப்பட்டதே அந்தத் துறைமுகத்துக் கோட்டையைப் பார்த்துத்தான். மெட்டு மட்டும் லண்டன் கேளிக்கைச் சங்கம் ஒன்றின் மெட்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1917-இல் அந்தப் பாட்டு அமெரிக்காவின் தேசியகீதமே இல்லை. அதைச் சட்டபூர்வமாகத் தேசியகீதம் ஆக்கியது 1931-இல். எந்தச் சட்டத்தையும் முக் மீறவில்லை, மீற ஒரு சட்டமும் இருக்கவில்லை.

மேஜர் என்ன செய்தார்? நவம்பர் தொடக்கத்தில், இப்படியே போனால் குழுவைக் கலைத்துவிடுவேன், மண்டபத்தை விற்றுவிடுவேன் என்று பத்திரிகைகளிடம் சொன்னார். நான் இந்த இடத்தில்தான் நிற்க விரும்புகிறேன். நாற்பது ஆண்டை நெருங்கும் ஒரு நிறுவனத்தை, நகரத்தின் பெருமையை, நூறு குடும்பங்களின் பிழைப்பை ஒரு மனிதர் கோபத்தில் கலைத்துவிடலாம், அதைக் கேட்க ஊருக்கு உரிமை கிடையாது! இசையில் அரசியல் வேண்டாம் என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன், உள்ளன்போடுதான் சொன்னார். ஆனால் என் வீட்டில் என்ன வாசிப்பது என்பதை நான் தீர்மானிப்பேன் என்பதும் அதற்குள் இருந்தது. மாதர் சங்கங்கள் அனுப்பிய தந்தி, அந்த வீட்டு வாசலில் ஊர் முதல் தடவையாகத் தட்டிய சத்தம். அசட்டுத்தனமான கோரிக்கையாக இருக்கலாம். ஆனாலும் இது எங்களுடையதும்தான் என்ற உரிமைக் குரல் அதில் இருந்தது.

பணிந்தார்கள். நவம்பர் 2, வெள்ளிக்கிழமைப் பிற்பகல் கச்சேரியில் மேஜர் மேடையேறி, முக் ராஜினாமாவைத் தன்னிடம் கொடுத்துவிட்டார் என்றும் பாட்டு வாசிக்கப்படும் என்றும் அறிவித்தார். ராஜினாமாவை ஏற்கவில்லை. அன்று முதல் ஒவ்வொரு கச்சேரியிலும் முக் அந்தப் பாட்டை நடத்தினார். அதனால் ஒரு பயனும் விளையவில்லை. வாசிக்காவிட்டால் துரோகி, வாசித்தால் வேஷதாரி.

அந்த நவம்பரில் இதே மண்டபத்தில் இன்னொன்று நடந்தது. அதை அமெரிக்க இசைநூல்கள் வேறு அத்தியாயத்தில் வைக்கும். எனக்கு இரண்டும் ஒரே அத்தியாயம். 1917 நவம்பர் 15-ஆம் தேதி, ரோலண்ட் ஹேஸ் என்ற முப்பது வயதுக் கறுப்பினப் பாடகர் சிம்பொனி ஹாலில் பாடினார். ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர், தாய் அடிமையாகப் பிறந்தவர். பாஸ்டனில் ஜான் ஹான்காக் காப்பீட்டு நிறுவனத்தில் ஏவலாளாக வேலை பார்த்துக்கொண்டே பாட்டுப் படித்தார். கறுப்பருக்குச் சாஸ்திரிய மேடை அமைத்துக் கொடுக்க எந்த ஏற்பாட்டாளரும் முன்வரவில்லை. ஆகவே மண்டபத்தைத் தானே வாடகைக்கு எடுத்தார், டிக்கெட்டைத் தானே விற்றார். இடம் நிரம்பி வழிந்தது. கூடம் யாருடையது என்ற கேள்விக்கு ஹேஸ் கொடுத்த பதில், இன்று இரவு என்னுடையது, வாடகை கட்டியிருக்கிறேன் என்பது.

1923-இல் அதே சிம்பொனி குழுவே அவரைத் தன்னோடு பாட அழைத்தது. அடுத்த ஆண்டு பெர்லின் போனார். ரைன் பகுதியைப் பிடித்திருந்த பிரெஞ்சுப் படையில் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் இருந்த கோபத்தில், கூடம் அவரைக் கூச்சலோடு வரவேற்றது. சத்தம் அடங்கும்வரை அசையாமல் நின்று, சூபர்ட்டின் பாட்டொன்றை ஜெர்மன் மொழியிலேயே எடுத்தார். கூடம் அடங்கியது. முக்குக்கு பாஸ்டனில் நடந்தது, ஹேஸுக்கு பெர்லினில் வேறு நிறத்தில் நடந்தது என்று சொல்லலாம். ஒரு வித்தியாசம். ஹேஸ் தன் ஊரிலும் அதைப் பார்த்துப் பழகியவர்.

இதே 1917-இல்தான் நம்மவர் ஒருவரும் இந்த வீதிக்கு வந்து சேர்ந்தார். இலங்கைத் தமிழர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, ஹண்டிங்டன் அவென்யூவிலேயே இருக்கிற நுண்கலைக் காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். பிரிட்டனின் போரில் இந்தியர் சேர வேண்டும் என்பதை ஏற்காதவர். ஒரு பேரரசுக்கு ஒத்துவராத அறிஞருக்கு அந்தப் பழங்குடும்பங்களின் காட்சியகம் இடம் கொடுத்தது. 1947-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். தனியார் தயவில் நிற்கிற கலாசாரத்துக்கு இந்த நல்ல முகமும் உண்டு. பழியை மட்டும் எடுத்து வைத்தால் கணக்கு சரியாகாது.

1918 மார்ச் 25. பரிசுத்த வாரத்தின் திங்கட்கிழமை. மறுநாள் பாக்கின் ‘மத்தேயுவின்படி பாடுகள்’, முக் மாதக்கணக்காக ஒத்திகை நடத்தி வந்த படைப்பு. அன்றிரவு கைது செய்தார்கள். இசைத்தாளில் அவர் பென்சிலால் போட்டிருந்த குறிகளைச் சங்கேத மொழி என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டதாக ஒரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, அன்றைய மனநிலைக்கு அது பொருந்துகிறது. மெய்ன் மாநிலத்தில் அவர் கோடையைக் கழித்த வீட்டிலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு வயர்லெஸ்ஸில் செய்தி போகிறது என்றும் வதந்தி. உளவு பார்த்ததற்கு ஒரு சான்றும் கிடைக்கவில்லை. மறுநாள் எர்ன்ஸ்ட் ஷ்மிட் என்ற குழு உறுப்பினர் கோலை எடுத்தார், கச்சேரி நடந்தது. அவரும் ஜெர்மானியப் பெயர்க்காரர்தான்.

எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள்? 1798-ஆம் ஆண்டின் பகைநாட்டு அந்நியர் சட்டத்தில். அதன்படி பகைநாட்டின் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, அங்கே பிறந்திருந்தாலே போதும். சுவிஸ் குடியுரிமை எடுபடவில்லை. வழக்கு இல்லை, விசாரணை இல்லை. இன்னொன்றும் பின்னால் வெளிவந்தது. ஓர் இளம் பாடகியோடு அவருக்கு இருந்த உறவின் கடிதங்கள் அதிகாரிகள் கையில் சிக்கியிருந்தன. வேறு சட்டத்தில் வழக்குப் போட்டு ஊரறிய இழுப்போம் என்ற மிரட்டலுக்குப் பிறகு, எதிர்த்து வாதாடாமல் முகாமுக்குப் போனார். கடிதங்களில் அமெரிக்காவைப் பற்றி அவர் எழுதியிருந்தவை அருவருப்பானவை. பாஸ்டன் போஸ்ட் பத்திரிகை 1919 நவம்பரில், அவர் நாட்டை விட்டுப் போன பிறகு, அவற்றைத் தொடராகவே போட்டு விற்றது.

ஜார்ஜியாவில் ஓக்ல்தார்ப் கோட்டை முகாம். சின்சினாட்டி இசைக்குழுவின் நடத்துநராக இருந்த எர்ன்ஸ்ட் குன்வால்டும் அங்கே கைதி. சிறைப்பட்ட கப்பல் பேண்டுக்காரர்களை வைத்து ஓர் இசைக்குழுவே உருவாகியிருந்தது. போர் முடிந்து ஒரு மாதம் கழித்து, 1918 டிசம்பர் 12-இல், முக் அந்தக் குழுவைக் கொண்டு பீத்தோவனின் ‘எரோயிகா’வை நடத்தினார். கைதிகளும் காவலர்களும் கேட்டார்கள். போர் முடிந்தும் அவரை விடவில்லை. 1919 ஆகஸ்ட்டில்தான் கப்பலேற்றினார்கள்.

முக்கைத் தியாகியாக்க எனக்கு விருப்பமில்லை. 1939-இல் தன் எண்பதாம் பிறந்தநாளில் ஹிட்லரிடமிருந்து கழுகுக் கேடய விருதை வாங்கிக்கொண்டவர் அவர். அதற்காக 1918-இல் நடந்தது நியாயமாகிவிடாது. நல்லவனுக்கு மட்டும்தான் விசாரணை கேட்கும் உரிமை உண்டு என்றால் அது உரிமை அல்ல.

இனி மேஜர். கைதுக்கு ஒரு மாதம் கழித்து, குழுவை ஓர் அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார். 1918 மே 4-இல் விடைபெற்றார். முப்பத்தேழு ஆண்டு ஒற்றை ஆள் ஆட்சி அன்றோடு முடிந்தது. ஜெர்மானிய வாத்தியக்காரர்கள் பலரை வெளியேற்றினார்கள், நடத்துநராகப் பிரெஞ்சுக்காரரைக் கொண்டு வந்தார்கள். ஹிக்கின்சன் 1919 நவம்பர் 14-இல் இறந்தார்.

அவர் போனார், அவர் விதி போகவில்லை. சங்கத்துக்குக் கதவு மூடியேதான் இருந்தது. அந்தச் செப்டம்பரில் பாஸ்டன் போலீஸ்காரர்களே சங்கம் சேரும் உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். 1,544 பேரில் 1,117 பேர் வெளியேறினார்கள். கவர்னர் கால்வின் கூலிட்ஜ் ஒருவரையும் திரும்பச் சேர்க்கவில்லை, அந்தப் புகழிலேயே வாஷிங்டனுக்குப் போனார். அந்தச் சூட்டில், 1920 மார்ச் 5-இல், சிம்பொனி ஹாலில் கைதட்டல் எழுந்தபோது நடத்துநர் பியேர் மான்டோ குழுவை எழுந்து நிற்கச் சொன்னார். முதல் வயலின்காரர் ஃபிரெட்ரிக் ஃபிராட்கின் எழவில்லை. அன்றே வேலைநீக்கம். அவரைச் சேர்க்காவிட்டால் வாசிக்க மாட்டோம் என்று மறுநாள் சகாக்கள் வெளியேறினார்கள். கேட்டது கூலி உயர்வும் சங்க உரிமையும். ஏறக்குறைய முப்பது பேர் இடம் இழந்தார்கள். இந்தத் தடவை ஜெர்மானியர் என்று சொல்ல வழியில்லை; ஃபிராட்கின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த அமெரிக்கர். 1917-இல் கேள்வி கேட்டது சபை, 1920-இல் கேட்டது மேடை. இரண்டு தடவையும் சம்பளக்காரன்தான் வேலையை இழந்தான்.

சிம்பொனி ஹாலுக்குள் சங்கம் நுழைந்ததற்கு நீதி உணர்ச்சி காரணம் அல்ல. வானொலியும் இசைத்தட்டும் காரணம். வாத்தியக்காரர் சம்மேளனத்தின் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ, சங்கமில்லாத குழுவின் வாசிப்பை வானொலியில் வரவிடவில்லை, பதிவு நிறுவனங்களுக்கும் தடை போட்டார், சங்கத்திலிருந்த தனிக்கலைஞர்களையும் பாஸ்டன் மேடைக்குப் போகக் கூடாது என்றார். அறங்காவலர்கள் தாக்குப்பிடித்துப் பார்த்தார்கள். நடத்துநர் செர்ஜ் கூசெவிட்ஸ்கியே சேர்ந்துவிடுவோம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. 1942 டிசம்பரில் பாஸ்டன் சிம்பொனி வாத்தியக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்களில் கடைசியாகச் சேர்ந்தது அதுதான்.